பில்லின் அடியில் ஒரு வரி

நம் மொத்தக் கடை பில்களின் அடியில் ஒரு வரி அச்சாகியிருக்கும்: "குறித்த நாளில் பணம் செலுத்தத் தவறினால் 24 சதவீத வட்டி வசூலிக்கப்படும்." வட்டி கூடாது என்பதை மார்க்க நெறியாகக் கொண்ட வணிகர்களும் நம் சங்கத்தில் உள்ளனர். "வியாபாரத்துக்கு ஒத்துவராத கொள்கை" என்று அதை ஒதுக்கிவிடுவது சரியல்ல என்பதே நமது கருத்து.

மார்க்கம் லாபத்தைத் தடுக்கவில்லை. திருக்குர்ஆன் 2-ஆம் அத்தியாயம் 275-ஆம் வசனம் வணிகத்தை அனுமதித்து, வட்டியைத்தான் விலக்குகிறது. ரொக்கத்துக்கு ஒரு விலை, ஒரு மாதக் கடனுக்குச் சற்றுக் கூடுதல் விலை என்று சரக்கு கைமாறும்போதே பேசி முடித்தால், பெரும்பாலான மார்க்கச் சட்ட அறிஞர்கள் ஏற்கின்றனர். தவணை தவறிய பின் கடன் தொகையை ஏற்றுவதுதான் கூடாது. கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது 280-ஆம் வசனம்.

இது ஒரு சமயத்தின் கவலை மட்டுமல்ல. ஏழைக்குக் கொடுத்த கடனில் வட்டி சுமத்தலாகாது என்கிறது பைபிளின் யாத்திராகமம் 22-ஆம் அதிகாரம். வட்டியை ஒப்புக்கொள்ளும் மனுதர்மமும், ஒரே தடவையில் வாங்கும் முதலும் வட்டியும் சேர்ந்து முதலின் இரு மடங்கைத் தாண்டக்கூடாது என்று எல்லை கட்டுகிறது.

"வங்கிக்கு நாம் வட்டி கட்டுகிறோமே, சும்மா விட முடியுமா?" என்று உறுப்பினர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தச் செலவைக் கடன் விலையிலேயே சேர்த்து, முன்கூட்டியே சொல்லிவிடலாம். பாக்கியின் மேல் வட்டி ஏறினால் சில்லறைக் கடைக்காரர் எங்கே போவார்? தண்டல்காரரிடம்தான். 8,500 ரூபாய் கையில் வாங்கி, தினம் 100 ரூபாயாக 100 நாளில் 10,000 கட்டுவார். ஆண்டுக் கணக்கில் அது நூறு சதவீதத்துக்கும் மேல்! 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தும் தண்டல் ஒழிந்தபாடில்லை. கடைசியில் கடை மூடினால் நம் முதலும் போகும்.

பணம் இருந்தும் ஏமாற்றுபவர் வேறு; நோயாலோ வெள்ளத்தாலோ நொடித்தவர் வேறு. முன்னவருக்குச் சரக்கை நிறுத்துவோம், சங்கத்தில் புகார் செய்வோம். பின்னவருக்குத் தவணை கொடுப்போம்.

அடுத்த பில் புத்தகம் அச்சுக்குப் போகும்போது அந்த வரியை எடுத்துவிடுவோம் என்று வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.