மாடு மட்டும் ஹாலந்திலிருந்து வந்தால் போதுமா?

ஆலங்காயம், நிம்மியம்பட்டு, வாணியம்பாடி பக்கம் பால் சொசைட்டிக்குப் பால் ஊத்துற வீடுகளில் கறுப்பு வெள்ளை மாடு சாதாரணமாகப் பார்க்கலாம். எச்.எஃப். என்று நாம் சொல்லும் அந்த இனத்தின் பூர்வீகம் ஹாலந்தின் ஃப்ரீஸ்லாந்தும், அதை அடுத்த வட ஜெர்மனியும். அந்த மாட்டோட விந்து ஊசி நம்ம ஊருக்கு வந்துச்சு, அதுக்கான அடர்தீவன மூட்டையும் வந்துச்சு. ஆனா ஹாலந்து உழவன் தன் பாலை வைத்துப் பிழைத்த வழி மட்டும் வரவில்லை. வந்திருக்க வேண்டியது அதுதான் என்பது என் கருத்து.

அங்கே ‘பூரன்காஸ்’ என்று ஒரு சீஸ் உண்டு. உழவர் சீஸ் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். பெயர் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைப் போட்டு விற்க முடியாது. பண்ணையிலேயே செய்ய வேண்டும். காய்ச்சாத பாலில் செய்ய வேண்டும். பாலில் பாதியாவது அதே பண்ணையில் கறந்ததாக இருக்க வேண்டும். சுமார் பத்து லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ சீஸ் கிடைக்கும். உறைய வைத்து, தண்ணியை வடித்து, அழுத்தி, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பலகையில் அடுக்கித் திருப்பித் திருப்பி வைத்து மாதக்கணக்கில் முதிர விடுகிறார்கள். ஒரு வருடம் தாண்டியதற்கு விலை கூடுதல். நேற்றுக் கறந்த பாலை இன்றைக்கே தள்ளிவிட வேண்டிய கட்டாயம் அந்த உழவனுக்கு இல்லை. விலையைச் சொல்லும் இடத்தில் அவன் நிற்கிறான்.

அதே ஹாலந்துக்கு இன்னொரு முகமும் உண்டு, அதையும் நாம் பார்க்கணும். பெரும்பாலான பால் பெரிய ஆலைகளுக்குப் போகிறது. நிலம் தாங்குகிற அளவுக்கு மேல் மாடு வைத்து, கடல் கடந்து சோயாப் புண்ணாக்கு வரவழைத்துப் போட்டார்கள். சாணமும் மூத்திரமும் நிலத்துக்கு உரமாக இருந்தது போய்ச் சுமையாகிவிட்டது. 2019 மே மாதம் அந்த நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம், நைட்ரஜன் மாசு விஷயத்தில் அரசின் அனுமதி முறை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. மாட்டு எண்ணிக்கையைக் குறைக்கும் பேச்சு எழுந்ததும், அக்டோபரில் உழவர்கள் டிராக்டரோடு அரசு இயங்கும் ஹேக் நகரை முற்றுகையிட்டார்கள். இத்தனை வருஷம் ‘இன்னும் கற, இன்னும் கற’ என்று சொன்னவர்கள், கடைசியில் பழியை உழவன் தலையில் போட்டார்கள்.

இந்தக் கதை நமக்குப் புதுசில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் தோல் பதனிட்ட வட்டாரம் இது. குரோம் வந்தது, வேலை வேகமானது, ஏற்றுமதி பெருகியது, பாலாற்றங்கரைக் கிணறுகள் உப்பாகிப் போயின. மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னதே இந்த மாவட்டத்து வழக்கில்தான். தீர்ப்பு வந்தது. போன தண்ணி திரும்பி வரவில்லை.

அப்படியானால் ஆலங்காயத்தில் சீஸ் போடலாமா? அவசரப்பட வேண்டாம் என்பேன். சீஸ் முதிர 12 முதல் 15 டிகிரி குளிர் வேண்டும். நம்ம சித்திரை வெயிலில் அதற்கு மாதக்கணக்கில் ஏ.சி. ஓட வேண்டும். கொடைக்கானலில் குளிர் இருக்கிறது. ஆரோவில்லில் தேடி வரும் வாடிக்கையாளர் இருக்கிறார்கள். நமக்கு இரண்டும் இல்லை. அடுத்தது உப்புத் தண்ணீர். தோலுக்குப் போட்ட உப்பு மண்ணை என்ன செய்தது என்று பார்த்த நாம், சீஸ் ஊறிய உப்பை எங்கே கொட்டுவோம் என்று முதலில் யோசிக்கணும். பத்து லிட்டர் பாலில் மிஞ்சும் ஒன்பது லிட்டர் தெளிந்த நீரைக் கால்வாயில் விட்டால் அதுவும் கழிவுதான். மாட்டுக்கோ பன்றிக்கோ கொடுத்தால் தீவனம்.

முதிர்ந்த சீஸுக்கு ஈடாக நம்மிடம் இருப்பது நெய். குளிர் அறை வேண்டாம், உப்பு வேண்டாம், மாதக்கணக்கில் கெடாது. கணக்கைப் பார்ப்போம். ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பரில் 32லிருந்து 35 ரூபாய் ஆனது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. ஆக அப்போது 38. எச்.எஃப். கலப்பு மாட்டுப் பாலில் கொழுப்பு மூன்றரை சதம் என்று வைத்தால், சேதாரம் போக ஒரு கிலோ நெய்க்கு 30 லிட்டர் ஆகும். அந்த விலையில் 1,140 ரூபாய்க்குக் கீழே விற்றால் நட்டம், விறகும் உழைப்பும் தனி. நாட்டு மாட்டுப் பாலில் கொழுப்பு நாலரை சதம் இருந்தால் 23, 24 லிட்டர் போதும். கறவை குறைவுதான், ஆனா நெய்க்கணக்கில் அந்த இடைவெளி கொஞ்சம் சுருங்குகிறது. கூடவே மிஞ்சும் மோர் குடிக்க, விற்க, புளிக்க வைத்துத் தேமோர் கரைசலாகப் பயிருக்குத் தெளிக்க. கழிவு என்று எதுவும் வெளியே போகவில்லை, பாருங்கள்.

எல்லாப் பாலையும் நெய்யாக்கச் சொல்லவில்லை. பிள்ளை ஃபீஸுக்கும் கடன் தவணைக்கும் பத்து நாளைக்கு ஒருமுறை வரும் சொசைட்டிப் பணம் வேண்டும். நாலு மாடு வைத்திருப்பவர் ஒரு மாட்டுப் பாலை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம். வாங்குகிற ஆளை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் நிறுத்துங்கள். அஞ்சு உழவர் சேர்ந்தால் பி.ஜி.எஸ். குழு அமைத்து இயற்கைச் சான்று வாங்கலாம். விற்பனைக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவும் வேண்டும். ‘ஹாலந்தில் பச்சைப் பாலில் செய்கிறார்களே’ என்று யாரும் பச்சைப் பாலை விற்கக் கிளம்ப வேண்டாம். அங்கே மந்தை முழுக்கச் சோதனை நடக்கிறது. நம்ம பட்டியில் காசநோயும் கன்றுவீச்சு நோயும் சோதிக்காத வரைக்கும் காய்ச்சித்தான் ஆகணும்.

எல்லாவற்றுக்கும் மேலே, பாலில் பாதி சொந்தப் பண்ணையில் கறந்ததாக இருக்கணும் என்ற அந்த விதியை நாம் இன்னும் ஒரு படி இறக்கித் தீவனத்துக்கு வைப்போம். மாடு தின்பதில் பாதியாவது நம்ம நிலத்தில் விளைந்திருக்க வேண்டும். கேழ்வரகுத் தட்டு, நிலக்கடலைக் கொடி, ஜவ்வாது மலைச் சாமை வைக்கோல், வரப்பில் அகத்தி, வேலிமசால். இதற்கு மேல் மாடு நின்றால் அந்த மாட்டை வளர்ப்பது நாம் இல்லை, தீவனக் கடைதான். நிலம் எத்தனை மாடு தாங்குமோ அத்தனை மாடு போதும். ஹாலந்து அந்த எண்ணிக்கையை நீதிமன்றம் சொல்லித் தெரிந்துகொண்டது. நாம் நம்ம குப்பைமேட்டையும் கிணற்றுத் தண்ணியையும் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.