கீரைக் கட்டுக்கு மருந்துப் பட்டம் வேண்டாம்

'மூட்டு வலி போக்கும் முருங்கை', 'வீக்கத்தை விரட்டும் வெங்காயம்' என்று பலகை வைத்து விற்கும் பழக்கம் நம் இயற்கைச் சந்தைகளிலும் வந்துவிட்டது. நாலு கட்டு கூடுதலா விற்கும்தான். ஆனா, நம்ம பேருக்கு நாமே தோண்டும் குழி இது.

பலகையில் உள்ளது முழுப்பொய் இல்லை. வெங்காயத்திலும் முருங்கைக்கீரையிலும் குவெர்செடின் என்ற ஃபிளேவனாய்டு இருக்கு. நம் உடம்பில் கிருமி நுழைந்தால், மேக்ரோஃபேஜ் எனும் காவல் செல்கள் டி.என்.எஃப். போன்ற பொருட்களைச் சுரக்கும். அந்த இடம் சிவந்து வீங்கும். இதுதான் அழற்சி. கிருமி ஒழிந்த பிறகும் இது அடங்காவிட்டால் தொல்லை. இந்தச் சுரப்பை முடுக்கும் விசைகளில் ஒன்று என்.எஃப்.-கப்பா-பி. ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் குவெர்செடினைச் சேர்த்தால் இந்த விசை தளருது, சுரப்பும் குறையுது.

ஆனா ஆய்வகத்தில் சேர்க்கும் அளவு வேற. கீரை தின்னபின் ரத்தத்தில் சேரும் அளவு வேற. குடலிலும் ஈரலிலும் பெரும்பகுதி உருமாறிடும். கீரை நல்ல சாப்பாடு, மாத்திரை அல்ல. பலகையை நம்பி ஒருத்தர் மாத்திரையை நிறுத்தினால் பழி யார் மேலே? நோய் தீர்க்கும்னு சொல்லி உணவை விற்பதை 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறையும் தடுக்குது.

நாம் பெருமையாச் சொல்ல வேறு சேதி இருக்கு. அமெரிக்காவில் டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார், பத்து ஆண்டுகளில் விளைந்த தக்காளியை ஒப்பிட்டு 2007இல் முடிவை வெளியிட்டாங்க. ரசாயன முறையில் விளைந்ததைவிட இயற்கை முறைத் தக்காளியில் குவெர்செடின் 79 சதவீதம் அதிகம். கேம்ப்ஃபெரால் என்ற இன்னொரு ஃபிளேவனாய்டு 97 சதவீதம் அதிகம். மண்ணில் மக்கு சேர்ந்து, எரு இடுவதைக் குறைக்கக் குறைக்க இந்த அளவு கூடியிருக்கு.

ஃபிளேவனாய்டு, செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் பொருள். தழைச்சத்தை வாரிக் கொட்டினா செடி கொழுக்கும், தற்காப்பைக் குறைச்சுக்கும். யூரியாவை விட்டவங்க, எருவிலும் அளவு பார்க்கணும்.

அதனால பலகையை மாத்துவோம். எந்த மண்ணில் விளைஞ்சது, என்ன இட்டோம், எப்போ பறிச்சோம்னு எழுதுவோம். வெங்காயத்தின் வெளி மடல்களில்தான் குவெர்செடின் அதிகம், உரிக்கும்போது சதையோடு வீசாதீங்கன்னு சொல்லுவோம். இந்தச் சொல்லுக்கு நாம எந்தச் சபையிலும் பொறுப்பேற்கலாம்.