தூசுறிஞ்சியும் தும்புத்தடியும்

கடுகண்ணாவையில் மழைக்காலம் வந்தால் மெத்தையும் ஈரம் கோத்துவிடும். அந்த ஈரத்தில்தான் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் பெருகுகின்றன. அவற்றின் எச்சமே பலருக்குத் தும்மலும் இழுப்பும் தருவது. வக்யூம் கிளீனர் வாங்கப் போனாலோ, கடைக்காரர் 'இரண்டாயிரம் வாட்' என்று பெருமை பேசுவார். வாட் என்பது மின்சாரச் செலவு. உறிஞ்சும் வலு அன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2017 இலேயே 900 வாட் என வரம்பு கட்டிவிட்டது.

வெறும் சீமெந்துத் தரைக்குத் தும்புத்தடியே போதும் என்பது என் கட்சி. மெத்தைக்கும் சோபாவுக்கும் என்றால், ஹெபா வடிகட்டியும் தூசிப் பையும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பையில்லாத வகையைக் கொட்டும்போது, உறிஞ்சிய தூசி மூக்குக்கே திரும்பும். தண்ணீரையும் இழுக்க வேண்டுமா? ஈரம், உலர் இரண்டுக்குமான வகையே வேண்டும்; மற்றதில் நீர் புகுந்தால் மோட்டார் போய்விடும்.