எலி ஆய்வைக் காட்டி மாத்திரையை நிறுத்தாதீர்கள்



"மனப்பதற்றத்துக்கு மக்னீசியம் போதும், மாத்திரை வேண்டாம், எலியை வைத்து நிரூபித்துவிட்டார்கள்" என்கிறார்கள். அந்த ஆய்வு என்ன சொல்கிறது, பார்ப்போம்.

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகர ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டது அது. மக்னீசியம் குறைந்த தீனியைச் சில வாரம் தின்ற சுண்டெலிகள் வெளிச்சத்துக்கு வரத் தயங்கின. தண்ணீரில் விட்டால் நீந்தாமல் அதிக நேரம் மிதந்தன. டெசிப்ரமின் என்னும் மனச்சோர்வு மருந்தைக் கொடுத்துவந்ததும் அந்தச் சோர்வு குறைந்தது. ஆக, அங்கே கைகொடுத்ததும் மருந்துதான்! அதைக் காட்டியே மருந்தை நிறுத்தச் சொல்வது என்ன நியாயம்?

மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். 2017இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில், லேசான, நடுத்தர மனச்சோர்வு உள்ள 126 பேர் பங்கேற்றார்கள். 6 வாரம் மக்னீசியம் எடுத்தபோது சோர்வும் பதற்றமும் குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரை கொடுக்கவில்லை. நம்பிக்கையால் வந்த பலன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கேழ்வரகு, கம்பு, எள், நிலக்கடலை, கீரை எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். மக்னீசியம் மாத்திரை என்றால் மருத்துவரைக் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம். மனநல மருந்தைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம்.

சர்க்கரை மாத்திரையை யாரும் ஒளித்துவைத்துச் சாப்பிடுவதில்லை. மனதுக்கான மாத்திரைக்கு மட்டும் ஏன் வெட்கம்? வீட்டில் யாராவது அதைச் சாப்பிட்டால், அறிவுரை சொல்லாமல் துணையாக இருங்கள்.