ஒரு சிப்பாய் கூட இருந்தால் ஜெயித்துவிட்டதாக யார் சொன்னது?

நீளமான பதிவு. கொஞ்சம் கோபமும் இருக்கிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருப்பவன். மகள் செஸ் போட்டியின் கடைசிச் சுற்றில் ஒரு சிப்பாய் அதிகமாக வைத்திருந்தும் டிரா செய்துவிட்டாளாம். "ஒரு காய் கூட வெச்சிக்கிட்டு ஜெயிக்கத் தெரியல சார். அடுத்த மாசத்துலேர்ந்து கிளாஸை நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றான். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

ஆட்டத்தைப் பலகையில் வைத்துக் காட்டச் சொன்னேன். ஆளுக்கு ஒரு யானை. (நம் பக்கம் ரூக்கை யானை என்றுதான் சொல்வோம், நானும் அப்படியே எழுதுகிறேன்.) இவளுக்கு ஓரக் கட்டத்தில் ஒரு சிப்பாய் கூடுதல். அதை ஏ7 வரை தள்ளிவிட்டாள். அதற்கு முன்னால் ஏ8-இல் இவள் யானை. எதிராளியின் யானை பின்னால் ஏ1-இல். எதிராளி ராஜா ஜி7, எச்7 என்று இரண்டு கட்டத்தில் நடைபோட்டுக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரே கட்டம், ராணி ஆகிவிடும். ஆனால் யானை நகர்ந்தால் சிப்பாய் போய்விடும். யானைக்கு வழிவிட ராஜா பக்கத்தில் வந்தால், பின்னாலிருந்து செக் மேல் செக். ராஜா ஒளிய ஒரு கட்டமும் இல்லை, ஏனென்றால் ஒளிய வேண்டிய ஏ7-இல் தன் சிப்பாயே உட்கார்ந்திருக்கிறது. உலக சாம்பியனை உட்கார வைத்தாலும் அந்த நிலை டிராதான். சிப்பாயை ஏ6-லேயே நிறுத்தியிருந்தால் ராஜாவுக்கு ஒரு மறைவாவது இருந்திருக்கும். அப்போதும் வெற்றி நிச்சயம் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அவளை யாரும் அவசரப்பட்டுத் தள்ளச் சொல்லவில்லை. ஆனால் தள்ளாதே என்றும் யாரும் சொல்லித் தரவில்லை. என் சண்டை அங்கேதான்.

வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இன்று தெருவுக்குத் தெரு செஸ் கிளாஸ். சந்தோஷம். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது 'தம்பி' குதிரை வேட்டி கட்டி வந்து நின்றதிலிருந்து இந்த ஆர்வம். ஆனால் அந்த வகுப்புகளில் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள்? சிசிலியனில் 15 நகர்த்தல் மனப்பாடம், இத்தாலியனில் 12 நகர்த்தல் மனப்பாடம், எட்டு நகர்த்தலில் மாட் வைக்கும் பொறி. பெற்றோருக்குக் காட்ட அதுதான் வசதி. நோட்டில் எழுதிக் காட்டலாம், வீட்டில் ஒப்பிக்கலாம். யானையும் சிப்பாயும் மிச்சமிருக்கும் கடைசிக் கட்டத்தை யாரும் ஒப்பிக்க முடியாது. அதனால் அதைச் சொல்லித் தருவதில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கில் முதல் நான்கு பாடம் மட்டும் நடத்திவிட்டுப் பரீட்சைக்கு அனுப்பும் வாத்தியாரை நீங்கள் சும்மா விடுவீர்களா?

யானை எண்ட்கேம் எல்லாமே டிராதான் என்று செஸ் உலகத்தில் ஒரு பழைய கிண்டல் உண்டு. கிண்டல் என்றாலும் அதில் விஷயம் இருக்கிறது. எஃப், எச் வரிசைகளில் இரண்டு சிப்பாய் அதிகம் வைத்திருந்தும் டிரா ஆகிற நிலைகள் உண்டு. அப்பா எண்ணுகிற எண்ணிக்கை வேறு, பலகை எண்ணுகிற எண்ணிக்கை வேறு. 1924-இல் நியூயார்க்கில் கேபபிளாங்கா டார்ட்டகோவரோடு ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள். யானை எண்ட்கேமில் தன் சிப்பாய்களை விட்டுக் கொடுத்துவிட்டு ராஜாவை நடத்திக்கொண்டு முன்னே போனார். அவர் யானை ஏழாவது வரிசையில் நின்று எதிராளி ராஜாவை ஓரத்தில் அடைத்து வைத்திருந்தது. ஜெயித்தது கேபபிளாங்கா. சுறுசுறுப்பான யானையும் நடமாடும் ராஜாவும்தான் அங்கே சொத்து.

குழந்தைக்கு இரண்டே நிலைகள் கற்றுக் கொடுத்திருந்தால் போதும். ஒன்று லூசெனா. சிப்பாய் ஏழாம் வரிசையில், அதற்கு முன்னால் நம் ராஜா, எதிராளி ராஜா தள்ளி அடைபட்டுக் கிடக்கிறது. நம் யானையை நாலாம் வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டு ராஜாவை வெளியே எடுக்க வேண்டும். செக் வரும்போது அந்த யானை குறுக்கே வந்து மறைக்கும். பாலம் கட்டுவது என்பார்கள். (லூசெனாவின் 1497 புத்தகத்தில் இந்த நிலையே கிடையாது என்பது தனிக் கூத்து.) இன்னொன்று பிலிடோர். ஒரு சிப்பாய் குறைவாக இருப்பவன் யானையைக் குறுக்கே வைத்து எதிராளி ராஜாவை ஆறாம் வரிசைக்கு வரவிடாமல் தடுப்பான். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்ததும் யானையைக் கடைசிக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் கொடுப்பான். ஜெயிக்க வேண்டியவன் எதை நோக்கிப் போவது, எதைத் தவிர்ப்பது என்று இந்த இரண்டும் காட்டும். ஒரு மாதப் பாடம் இது.

அடுத்து, குகேஷுக்கு அதிர்ஷ்டத்தில் பட்டம் வந்தது என்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே எழுதியவர்களுக்கு. பெயர் சொல்ல மாட்டேன், தை மாதம் நேரில் பார்க்க வேண்டுமே.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், 14-ஆவது ஆட்டம். ஆளுக்கு ஒரு யானை, ஒரு மந்திரி. கறுப்புக் காய்களோடு ஆடிய குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். (சுத்தமான யானை எண்ட்கேம் இல்லையே என்று சண்டைக்கு வராதீர்கள், தெரியும்.) முறையாகப் பார்த்தால் டிரா. டிரா ஆனால் மறுநாள் டைபிரேக். அந்தப் பையன் கை குலுக்கவில்லை, நகர்த்திக்கொண்டே இருந்தான். 55-ஆவது நகர்த்தலில் டிங் லிரன் யானையை எஃப்2-இல் வைத்து யானை மாற்றத்துக்கு வழிவிட்டார். அவர் மந்திரி ஏ8 மூலையில் கிடந்தது. யானைகள் மாறியதும் குகேஷ் தன் மந்திரியை டி5-இல் கொண்டுவந்து வைத்தான். மந்திரிகளும் மாறியே தீர வேண்டும். மிச்சம் ராஜாவும் சிப்பாயும்தான், அது தோற்ற நிலை. 58-ஆவது நகர்த்தலோடு முடிந்தது. ஏழரைக்கு ஆறரை. யானை இருந்தவரை டிரா, யானை போனதும் வெற்றி. அந்தக் கணத்துக்காக மணிக்கணக்கில் எதிராளியைக் கேள்வி கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்ததை அதிர்ஷ்டம் என்கிறீர்களா?

அதே குகேஷ் மாமல்லபுரத்தில் முதல் எட்டு ஆட்டங்களையும் ஜெயித்துவிட்டு, பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் நல்ல நிலையைக் கோட்டை விட்டான். நேரம் நெருக்கியது, கை தவறியது, தோற்றான். அணிக்குத் தங்கம் போய் வெண்கலம் வந்தது. அப்போது அவனுக்கு 16 வயது. அவன் வீட்டில் அடுத்த மாதம் கிளாஸை நிறுத்தினார்களா?

ஆனந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2013 நவம்பர், சொந்த ஊர் சென்னையில், கார்ல்சனிடம் ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களைத் தொடர்ந்து இழந்தார். இரண்டுமே யானை எண்ட்கேம். ஐந்து முறை உலக சாம்பியனான ஆனந்துக்கே அப்படி என்றால் ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் என்ன கணக்குக் கேட்கிறீர்கள்?

நீங்களெல்லாம் தோல் ஊரில் பிறந்தவர்கள். குரோமில் ஊறி வந்த வெட் ப்ளூ தோலைப் பார்த்து ஷூ ரெடி என்று யாராவது சொல்வீர்களா? சேவிங், சாயம், ஃபினிஷிங் என்று எத்தனை கை மாற வேண்டும். அதில் ஒரு இடத்தில் பிசகினாலும் தோல் இரண்டாம் தரம். அரைப்பதனில் அப்படியே கப்பலேற்றாதே, முடித்து அனுப்பு என்று 1970-களில் அரசே கட்டுப்பாடு போட்ட தொழில் இது. அப்பா அதைச் செய்துதான் சோறு சாப்பிடுகிறான். மகள் பலகையில் மட்டும் வெட் ப்ளூ தானாக ஷூ ஆகிவிட வேண்டுமாம்!

போட்டி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆளுக்கு 15 நிமிடம் கொடுத்து ஒரே நாளில் ஏழெட்டுச் சுற்று ஓட்டினால், யானை எண்ட்கேம் வரும்போது பிள்ளைகள் கையில் 20 விநாடிதான் மிஞ்சும். பலகையைப் பார்க்காமல் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள். மண்டப வாடகை உங்கள் கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஐந்து விநாடியாவது கூட்டிக் கொடுங்கள். கோப்பையின் உயரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

கிளாஸ் நிற்கவில்லை. அப்பனைச் சம்மதிக்க வைத்துத்தான் காபி கொடுத்தேன். வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு என் வீட்டு மாடியில் பலகை போடுகிறேன். இரண்டு ராஜா, இரண்டு யானை, ஒரு பக்கம் மூன்று சிப்பாய், மறுபக்கம் இரண்டு. முதல் ஒரு மணி நேரம் டிரா கேட்கக்கூடாது. பிள்ளைகளைக் கூட்டி வருகிற அப்பாக்களும் உட்கார்ந்து ஆட வேண்டும். மூன்று சிப்பாய் இருக்கிற பக்கத்தை அப்பாக்களுக்கே தருகிறேன்.