வட்டியும் முதலுமாக

ஜேம்ஸ் பர்னி என்று ஓர் அமெரிக்கர். போன மாதம் வரை எனக்கும் தெரியாது. 1844 அதிபர் தேர்தலில் அடிமைமுறையை எதிர்த்துத் தனிக்கட்சியில் நின்றார். நியூயார்க் மாநிலத்தில் 15,000க்கும் மேல் ஓட்டுகளைப் பிரித்தார். அங்கே 5,000 சொச்சத்தில் கோட்டைவிட்ட ஹென்றி கிளேயின் அதிபர் கனவும் போச்சு. 'ஓட்டைப் பிரித்தவர்' என்றுதான் வரலாற்றில் பெயர். ஆனால் என் மாதிரி பேங்க்காரனுக்கு அவர் வேறொரு கணக்கில் பெரிய மனுஷன்.

1792இல் கென்டக்கியில், அடிமைகள் வைத்திருந்த பணக்கார வீட்டில் பிறந்தவர். வக்கீலுக்குப் படித்தார். 1818இல் அலபாமாவுக்குப் போய்ப் பருத்திப் பண்ணை போட்டார். மறு வருஷமே அங்கே சட்டசபை உறுப்பினர். குதிரைப் பந்தயச் சூதாட்டம், விளைச்சலும் காலை வாரியது. கடன் ஏறி 1823இல் பண்ணையை விற்றார். அங்கே உழைத்த அடிமைகளும் நிலத்தோடு விலைபோனார்கள். மைக்கேல் என்பவரின் குடும்பத்தை மட்டும் தன்னோடு வைத்துக்கொண்டு மறுபடி வக்கீல் தொழிலுக்கு வந்தார்.

பிறகு மெல்ல மெல்ல மனசு மாறியது. 1834இல் மைக்கேல் குடும்பத்துக்கு விடுதலை கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. மைக்கேல் அத்தனை வருஷம் உழைத்ததற்குச் சம்பள பாக்கியைக் கணக்குப் போட்டு, வட்டியோடு கொடுத்தார்! அந்தப் பணத்தில் மைக்கேல் வாடகைக் குதிரை லாயம் வைத்துப் பிழைத்தார்.

இந்த வட்டிதான் என்னை உலுக்கியது. விடுதலை மட்டும் கொடுத்தால் அது தர்மம், கொடுத்தவருக்குப் புண்ணியம். பாக்கியைக் கொடுத்தால், 'நான் உனக்குக் கடன்பட்டவன்' என்று ஒப்புக்கொள்வது. பிரிட்டன் 1833இல் சட்டம் போட்டு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கியதே, யாருக்கு? அடிமைகளுக்கு இல்லை, முதலாளிகளுக்கு! 1862இல் வாஷிங்டன் நகரிலும் முதலாளிகளுக்குத்தான் தலைக்கு 300 டாலர் வரை. அரசாங்கங்களே தலைகீழாக எழுதிய கணக்கை இவர் நேராக எழுதினார்.

1836இல் சின்சினாட்டியில் அவருடைய பத்திரிகை அச்சகத்தை ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. 1839இல் அப்பா இறந்தபோது, சகோதரியின் பங்குக்குப் பணம் கொடுத்துவிட்டு 21 அடிமைகளை விடுவித்தார். பிறகு மிச்சிகனில் விவசாயம் பார்த்தார். 1857இல் இறந்தார்.

அவர் முழுக்கக் கணக்கை முடித்தவர் இல்லை. 1823இல் விற்கப்பட்டவர்களை விடுவிக்கும் உரிமை விற்றதோடு போய்விட்டது. சில பாக்கிகள் பிறகு தீர்க்கலாம் என்றால் தீராது. அதனால்தான் தீர்க்க முடிந்ததை உடனே தீர்க்க வேண்டும் என்கிறேன்.

இங்கே நாக்பூரில் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு 2020 ஊரடங்கில் இரண்டு மாதம் பாதிச் சம்பளம்தான் கொடுத்தோம். வராத நாளுக்குக் கொடுத்ததே பெரிசு என்று அப்போது நினைப்பு. வரவேண்டாம் என்று சொன்னதே நாங்கள்தான். போன வாரம் மீதியைக் கணக்குப் போட்டேன். சேமிப்பு வட்டியா, கடன் வட்டியா என்று ஒரு நிமிஷம் அல்பமாக யோசித்து, கடன் வட்டியே போட்டேன்.

கவரை வாங்கியவர், "இப்போது பண்டிகை ஒன்றும் இல்லையே?" என்றார்.

"போனஸ் இல்லைம்மா, பாக்கி" என்றேன்.

உங்கள் வீட்டுக் கணக்கிலும் ஏதாவது நிற்கிறதா, ஒரு தடவை புரட்டிப் பாருங்களேன்.