முன்பனிக் காலமும் மிதிவண்டிப் பயணமும்

ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துக் கண்டவர் பழந்தமிழர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறனுள் மார்கழியும் தையும் முன்பனிக்கு உரியவை. இதனைத் தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதாத தமிழ் மாணவர் அரியர். ஆயினும், அந்த முன்பனியில் தம் ஊரைச் சூழ்ந்த வயல்வெளி எவ்வாறு தோற்றமளிக்கும் என்று நேரிற் கண்டு கூறவல்லவர் நம்முள் எத்தனை பேர்? நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று கற்பிக்கிறோம், கற்கிறோம். அவற்றைக் கண்ணாற் காணும் வழக்கமோ நாளுக்கு நாள் குறைந்து வருகிறது.

இக்குறையைப் போக்கவல்ல எளிய கருவியொன்று நம் இல்லங்கள் பலவற்றின் கொல்லைப்புறத்தில் துருவேறி நிற்கிறது. அதுவே மிதிவண்டி. மார்கழி, தைத் திங்களின் காலைப் பொழுதுகளில், விரைவை நாடாது, ஊர்ப்புறங்களினூடே மிதிவண்டியில் சென்றுவருவதை நம் மாணவர் வழக்கமாகக் கொள்ள வேண்டும். கல்லூரியும் பெற்றோரும் அதற்குத் துணைநிற்க வேண்டும். இதுவே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பருவத்தின் பொருத்தம்

திருச்சிராப்பள்ளியின் கோடை எத்தகையது என்பதை நாம் அறிவோம். சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 பாகையைத் தொடும் நாட்கள் பல. ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்குரியவை. இவற்றுக்குப் பின் வரும் முன்பனிக் காலத்தில்தான் விடியற்பொழுதின் வெப்பம் 20 பாகையளவுக்கு இறங்குகிறது. உடல் வருந்தாமல் இரண்டு, மூன்று மணி நேரம் வண்டி மிதிக்க இதைவிட உகந்த காலம் நமக்கு வேறில்லை.

குளிர்ச்சி மட்டுமன்று காரணம். மேட்டூர் அணையில் நீர் இருப்பு போதுமானதாக உள்ள ஆண்டுகளில், ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை பாசனத்துக்கு நீர் திறப்பது மரபு. வடகிழக்குப் பருவமழை ஏரிகளையும் குளங்களையும் நிரப்பிச் சென்றிருக்கும். ஆகவே மார்கழியில் வாய்க்கால்களில் நீர் ஓடும். சம்பா நெல் கதிர் ஈன்று பால்பிடிக்கும். தை பிறந்ததும் அறுவடை தொடங்கும். ஒரே பாதையில் இரண்டு வாரம் இடைவிட்டு இருமுறை சென்றால், பச்சை நிறம் பொன்னிறமாக மாறியிருப்பதைக் காணலாம். ஆண்டு முழுவதும் உழவர் பட்ட பாட்டின் பயன் கண்முன் திரளும் காலம் இதுவே.

விரைவும் காட்சியும்

நடந்து செல்பவர் ஒரு மணி நேரத்தில் நான்கைந்து கிலோமீட்டர் கடப்பார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஆனால் அவரால் தம் ஊர் எல்லையைத் தாண்டி நெடுந்தொலைவு செல்ல இயலாது. மோட்டார் வண்டியில் செல்பவர் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் கடப்பார். அவர் காண்பது சாலை ஒன்றையே. மிதிவண்டியோ மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்னும் நடுவளவில் செல்வது. காலைப்பொழுது ஒன்றுக்குள் பத்து ஊர்களைக் காட்டவல்லது. எந்த ஊரிலும் நினைத்த இடத்தில் காலை ஊன்றி நிற்கவும் இடந்தருவது. இரைச்சலின்மையால் பறவையின் குரலும் மடையில் நீர் விழும் ஓசையும் தெளிவாகக் கேட்கும். எதிர்வரும் பெரியவர் ஒருவர், "எந்த ஊர் தம்பி?" என்று வினவினால் இறங்கி நின்று விடை கூறலாம். மோட்டார் வண்டியில் விரைபவரை நோக்கி யாரும் அவ்வாறு வினவுவதில்லை.

வகுப்பறை நிகழ்ச்சியொன்றை இங்குக் குறிப்பிடுவது பொருந்தும். மருதத்திணை பற்றிய பாடத்தின்போது, மடைக்கும் மதகுக்கும் கலிங்குக்கும் உள்ள வேறுபாடு யாது என்று வினவினேன். வயல் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து நாள்தோறும் வந்துசெல்லும் மாணவர் பலர் அவ்வகுப்பில் இருந்தனர். ஒருவரும் விடை கூறவில்லை. அவர்கள் அறிவிற் குறைந்தவர் அல்லர். பேருந்தின் சன்னலோரத்தில் கைப்பேசியை நோக்கியவாறே அம்மதகுகளை நாள்தோறும் கடந்து வருபவர்கள். காணாத பொருளின் பெயர் நாவில் நிற்பதில்லை. பெயர் மறைந்தபின் பொருள் மறைவதையும் நாம் உணர்வதில்லை.

காவிரிக் கரையில் ஒரு பாடம்

நம் ஊரிலிருந்து மேற்கே செல்லும் ஒரு பயணத்தையும் கிழக்கே செல்லும் ஒரு பயணத்தையும் எடுத்துக்கொள்வோம். மேற்கே முத்தரசநல்லூர், ஜீயபுரம் வழியாகச் சென்றால் முக்கொம்பு. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம் அது. பெருக்கெடுத்து வரும் வெள்ளத்தைக் கொள்ளும் இடமாதலின் கொள்ளிடம் எனப் பெயர் பெற்றது என்பர். ஆர்தர் காட்டன் பொறுப்பில் 1836-ஆம் ஆண்டில் எழுந்த மேலணை இங்குள்ளது. 2018 ஆகஸ்டு 22 அன்று பெருவெள்ளத்தின்போது கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த அவ்வணையின் ஒன்பது மதகுகள் உடைந்தன. பின்னர் அருகிலேயே புதிய கதவணை எழுப்பப்பட்டது. பழையதையும் புதியதையும் ஒருங்கே காணும் மாணவர், நீரியல் வரலாற்றின் இரு நூற்றாண்டுகளை ஒரு பார்வையில் கற்றவராவார்.

கிழக்கே சர்க்கார்பாளையம், வேங்கூர் வழியாகக் காவிரியின் தென்கரையை ஒட்டிச் சென்றால் கல்லணை. கரிகாற் சோழன் பெயரோடு இணைத்துப் போற்றப்படுவது. பிரிந்துசென்ற கொள்ளிடமும் காவிரியும் மீண்டும் நெருங்கிவரும் இடத்தில் அமைந்தது. காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், 1934-இல் பயன்பாட்டுக்கு வந்த கல்லணைக் கால்வாய் என நீர் இங்கே நான்காகப் பிரிகிறது. இவ்விரு பயணங்களையும் மேற்கொண்டவர்க்குத் திருவரங்கம் ஏன் தீவாக இருக்கிறது என்பதை வரைபடம் கொண்டு விளக்க வேண்டுவதில்லை. அவர் அதன் இரு முனைகளையும் தம் கால்களால் அளந்தவர்.

இடைப்பட்ட வழியில் கற்க வேண்டியவை ஏராளம். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, மேட்டு நிலங்களை நனைத்து, நகரின் நடுவே ஓடிவரும் உய்யக்கொண்டான் வாய்க்கால் சோழர் காலத்தது. ஊருக்குள் அதனைக் கழிவுநீர் ஓடையென எண்ணுபவர், மேற்கே சில கிலோமீட்டர் சென்று அதன் தெளிந்த நீரைக் கண்டால் வெட்கமுறுவர். பூவனும் கற்பூரவல்லியும் குலைதள்ளிய வாழைத் தோட்டங்கள், அகத்தி மரங்களைப் பற்றிப் படர்ந்த வெற்றிலைக் கொடிக்கால்கள், முசிறிப் பக்கம் பாய் முடையப் பயிராகும் கோரை ஆகியவற்றைக் காணலாம். சேற்றில் நாரையும் கொக்கும் நிற்கும். மின்கம்பியில் பனங்காடை அமர்ந்திருக்கும். நெடுந்தொலைவு மிதிக்கும் வலிமையுடையோர் கரைவெட்டி ஏரிவரை செல்லலாம். இமயத்தைக் கடந்துவரும் வரித்தலை வாத்துகள் பனிக்காலத்தில் தங்கும் அவ்வேரி, 2024-இல் ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்டது.

இனியவை மட்டுமே கண்ணிற் படும் என்று கூறுவதற்கில்லை. மணல் அள்ளப்பட்டுப் பள்ளமான ஆற்றுப்படுகையைக் காண்போம். சென்ற ஆண்டு நெல் விளைந்த வயலில் வண்ணம் பூசிய மனைக் கற்கள் நிற்பதைக் காண்போம். நெகிழிப் பைகள் அடைத்துக்கொண்ட கிளை வாய்க்கால்களைக் காண்போம். இவற்றையும் காணவே வேண்டும். ஒரு நிலத்தை நன்கறிந்தவரே அது சிதைவதைக் கண்டு கேள்வி எழுப்புவர். அறியாதவர் இழப்பை உணர்வது எங்ஙனம்? நாளை ஆசிரியராகவும் அரசு அலுவலராகவும் ஊராட்சித் தலைவராகவும் விளங்கப்போகும் இளைஞர் தம் நிலத்தை அறியாதிருப்பின், அந்நிலத்துக்காகப் பேசுவோர் யார்?

மிதிவண்டி தந்த விடுதலை

ஜெர்மனியின் கார்ல் டிரைஸ் 1817-இல் காலால் உந்தி ஓட்டும் ஈருருளியை அமைத்தார். 1885-இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி, சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் இன்றைய வடிவத்தை நிலைபெறச் செய்தார். நம் நாட்டில் ஒரு காலத்தில் மிதிவண்டி வைத்திருப்பதே பெருமை. உள்ளாட்சி மன்றத்துக்கு வரி செலுத்தி, தகர வில்லையை வண்டியில் பொருத்திக்கொண்டு ஓட்டியவர்கள் நம் பெரியோர். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, கால் எட்டாத வயதில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறையினர் இம்மலரைப் படிப்போருள்ளும் உளர்.

பெண்களுக்கு அது நல்கிய விடுதலையை அண்டை மாவட்டமான புதுக்கோட்டை உலகுக்குக் காட்டியது. 1991-இல் அங்குத் தொடங்கிய அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அளித்த ஊக்கத்தால் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தது. ஏறத்தாழ ஓரிலட்சம் ஊர்ப்புறப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர் என இதழாளர் பி.சாய்நாத் எழுதியுள்ளார். அவர்களுள் இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்களும் இருந்தனர். பேருந்துக்காகக் காத்துநின்ற பொழுது மிஞ்சியது. பிறரை எதிர்பார்க்கும் நிலை குறைந்தது. எள்ளி நகையாடியோர் இருந்தனர். எனினும் அப்பெண்கள் பின்வாங்கவில்லை.

தமிழக அரசு 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கென விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கிப் பின்னர் அத்திட்டத்தை விரிவாக்கியது. ஆகவே, நம் கல்லூரிக்கு வரும் மாணவர் பலரும் பள்ளி மேல்நிலை வகுப்பில் மிதிவண்டி பெற்றவர்களே. கல்லூரி வாயிலை மிதித்ததும் அதனைக் கைவிடுவது ஏன்?

தடைகளும் விடைகளும்

மதிப்புக் குறைவு என்னும் எண்ணம் முதல் தடை. அயல்நாட்டில் வெயிலில் உழைத்துத் தந்தை அனுப்பும் பணத்தில், கல்லூரி சேர்ந்த மகனுக்கு மோட்டார் வண்டி வாங்கித் தருவது நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. அன்பின் மிகுதியால் செய்வதே அது. ஆயினும், விரைந்து சென்ற இளைஞர் சாலையில் உயிர் துறந்த செய்தியை நாளேட்டில் படிக்கும்போதெல்லாம் அத்தந்தையரின் நெஞ்சம் நடுங்காதிருக்குமா? மோட்டார் வண்டியே கூடாது என்பதன்று நம் கருத்து. தேவைக்கு அது இருக்கட்டும். உலாவுக்கு மிதிவண்டி இருக்கட்டும்.

வீணே ஊர் சுற்றுவதா என்பது பெரியோர் சிலரின் வினா. ஊர் சுற்றுதல் வேறு. ஊர் அறிதல் வேறு. சென்றவிடத்தில் ஒரு பயிரின் பெயரையோ ஓர் உழவரின் அனுபவத்தையோ கேட்டுக் குறித்துவரும் மாணவர் பொழுதை வீணாக்கியவர் ஆகார்.

நெடுஞ்சாலைகளில் மிதிவண்டிக்குப் பாதுகாப்பில்லை என்பது மூன்றாவது தடை. இது முற்றிலும் உண்மை. கரூர் சாலையில் பாரவுந்துகளுக்கு நடுவே பனிமூட்டத்தில் செல்லுமாறு எந்த மாணவருக்கும் நாம் கூறமாட்டோம். வாய்க்கால் கரைகளும் ஊர்களை இணைக்கும் சிறு சாலைகளும் உள்ளன. நெடுஞ்சாலை தவிர்க்க இயலாத இடத்தில் இறங்கி, ஓரமாக உருட்டிச் செல்வதில் இழுக்கில்லை. ஆறரை மணியளவில், நன்கு வெளிச்சம் பரவியபின் புறப்படலாம். பின்புறம் ஒளி திருப்பும் வில்லையும், முன்பின் இரு தடைகளும் செம்மையாக இருத்தல் வேண்டும்.

செய்யத்தக்கன

மார்கழி, தைத் திங்களில் விடுமுறை நாட்கள் நான்கைத் தேர்ந்து, ஆசிரியர் தலைமையில் இருபது மாணவர் வீதம் மிதிவண்டி உலா செல்லத் தமிழ்த்துறை ஏற்பாடு செய்யலாம். மாணவியர்க்குப் பேராசிரியைகள் தலைமையில் தனி உலா அமைப்பின் பெற்றோர் தயங்கார். வரலாற்றுத் துறையும் தாவரவியல், விலங்கியல் துறைகளும் உடன்வரின் பயன் பன்மடங்காகும். சென்றுவந்த ஒவ்வொருவரும் தாம் கேட்டறிந்த வட்டாரச் சொற்கள் பத்தினை எழுதித் தருதல் வேண்டும். ஐந்தாண்டுகளில் காவிரிக் கரையின் வேளாண் சொற்களுக்கு ஓர் அகராதியே உருவாகிவிடும். பழைய வண்டிகளைச் செப்பனிட்டு, வண்டியில்லா மாணவர்க்கு வழங்கும் பொறுப்பை முன்னாள் மாணவர் மன்றம் ஏற்கலாம். இதற்கு ஆகும் செலவு, ஓர் ஆண்டுவிழாப் பந்தலுக்கு ஆகும் செலவைவிடக் குறைவே.

பெரியோர்களே, உங்கள் இளமையின் வண்டியை மீண்டும் வெளியே எடுத்துக் காற்றடைத்துப் பேரர் கையில் கொடுங்கள். கூடவே வந்து வழியில் உள்ள ஊர்களின் பெயர்களையும் சொல்லிக்கொடுங்கள். மாணவர்களே, முன்பனியைத் தேர்வுக்காக மனனம் செய்தது போதும். வரும் மார்கழியில் ஒரு காலையேனும் அதனூடே மெல்ல மிதித்துச் சென்று வாருங்கள். மருதம் உங்கள் ஊர் எல்லையிலேயே இருக்கிறது; நீங்கள் சென்று காணும்வரை அதற்கு நேரமிருக்குமா என்பதே நம் கவலை.